பாத்திரம் துலக்கிய திருடன்

நன்றி சொல்வது ஆபத்தான காரியம் என்று கங்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவள் தன் மகளுக்கு ஒரே ஒரு நன்றி சொன்னாள். கொஞ்ச நேரத்திலேயே, வீட்டுக்குள் யாரோ ஓர் அந்நியன் வந்து போய்க்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது.

தப்பு கங்காவுடையது அல்ல. அவளை நன்றி சொல்லச் சொன்ன கம்பெனியுடையது.

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலை. அதன் கேன்டீனில் கங்காவுக்குச் சப்பாத்திப் பிரிவு. அங்கே இந்த வாரத்தை 'நன்றி வாரம்' என்று அறிவித்திருந்தார்கள். போன வாரம் 'தண்ணீர் குடிக்கும் வாரம்'. அதற்கு முந்தியது 'கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கும் வாரம்'. வீட்டில் யாராவது ஒருவருக்கு, ஒரு சின்ன விஷயத்துக்காக நன்றி சொல்ல வேண்டும். மறுநாள் ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கும் கூட்டத்தில் அதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சிறந்த நன்றிக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு.

கங்காவின் வீடு வடக்குப்பட்டில். வீட்டில் நான்கு பேர். நான்கு பேரும் ஒன்றாக இருப்பது ஞாயிற்றுக்கிழமையிலும் ரேஷன் கார்டிலும் மட்டும்தான்.

கங்கா விடிவதற்கு முன்பே கிளம்பி, மூன்றரைக்குத் திரும்புவாள். கணவர் முனிரத்தினம் டிராவல்ஸ் கம்பெனியில் பஸ் டிரைவர். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ். காலை எட்டு மணிக்கு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு போனால் ஆறு மணிக்கு வருவார். மகள் அறிவுமதிக்கும் அதே நேரம்தான். உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மகன் செந்தமிழன், கார் சீட் தைக்கிற இடத்தில் பயிற்சியாளன், மத்தியான ஷிப்ட். மதியம் பன்னிரண்டரைக்குப் பஸ் வந்து அவனை அள்ளிக்கொண்டு போகும். அதுவும் அப்பாவின் டிராவல்ஸ் பஸ்தான். ஓட்டுவது மட்டும் அப்பாவின் கூட்டாளி பிச்சையா.

ஆக, பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை அந்த வீட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. அப்படித்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அறிவு, இன்னிக்கு உனக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்," என்றாள் கங்கா, இட்லித் தட்டை எடுத்தபடி. "தெனம் நான் வர்றதுக்குள்ள பாத்திரம் துலக்கி, துணிய மடிச்சி, ஃப்ளாஸ்க்ல காபி வேற போட்டு வெச்சிட்டுப் போற. ஷிப்ட் முடிச்சி வர்றவளுக்கு அந்தக் காபி எவ்ளோ பெருசு தெரியுமா?"

அறிவுமதி போனைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா, குத்திக் காட்றியா?"

"தேங்க்ஸ்டி சொன்னேன்."

"நான் குளிச்சி, சாப்ட்டு ஓடவே நேரம் இல்ல. சாப்ட்ட தட்ட அப்படியே போட்டுட்டுத்தான் ஓடறேன். நீதான் வந்து துலக்கறன்னு நெனச்சிகினு, நானே உனக்கு ஒரு நாள் தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடியிலிருந்து இந்த வீட்டில் பாத்திரங்கள் துலங்கிக்கொண்டிருந்தன. இரண்டு பெண்களும் மனதுக்குள் நன்றியோடு இருந்தார்கள், தப்பான ஆளிடம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த முனிரத்தினத்துக்குப் புரை ஏறியது.

"அப்போ எவனோ உள்ள வந்துட்டுப் போயிகினு கீறான்," என்றாள் கங்கா. குரல் இறங்கிவிட்டது.

"எதாவது காணமா?" என்று கேட்டார் முனிரத்தினம், தண்ணீரைக் குடித்துவிட்டு.

"கரி போயிருக்குப்பா," என்றாள் அறிவுமதி. "குக்கர் மேல இருந்த கரி."

கங்காவுக்கு இப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பாத்திரங்கள் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே பார்த்தால் சாம்பார் ஒட்டிக்கொண்டிருக்கும். மகளுக்கு வேலைச் சுத்தம் போதவில்லை, போகட்டும், செய்கிறாளே என்று தினமும் சத்தம் காட்டாமல் மறுபடி உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை மகள் கைச் சாம்பார் என்று நினைத்தது, யாரோ முகம் தெரியாதவன் விட்டுப்போன சாம்பார்!

அவள் ஓடிப்போய் பீரோவைத் திறந்தாள். நகை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. நகையைத் தொடாமல் நைட்டியை மடித்து வைத்துவிட்டுப் போகிறவன் என்ன மாதிரி ஆளாக இருப்பான்?

"ஞாயித்துக்கெழம வாலாஜாபாத்லேர்ந்து உன்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. இந்த நேரத்துல ஊருக்கே தெரிஞ்சா இன்னா பேசுவாங்க? பூட்டின வூட்டுக்குள்ள தெனம் ஒரு ஆம்பள வந்துட்டுப் போறான்னு…"

"ஆம்பளன்னு எப்டி சொல்ற?"

"பொம்பளயா இருந்தா உள்ள தேய்ச்சிருப்பா."

சந்தேகப் பட்டியல் அங்கேயே தயாரானது. மாடி அறையில் குடியிருக்கும் தென்காசிப் பையன் பேச்சிராஜ். பேய். செந்தமிழன் பெயரை அறிவுமதி சொன்னாள். காஸ் அடுப்பில் எந்தப் பக்கம் திருப்பினால் எரியும் என்றே அவனுக்குத் தெரியாது என்று கங்கா அதை அடித்துவிட்டாள். முனிரத்தினத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போகிற மனிதர். சந்தேகிக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

அன்றும் தட்டிலேயே கை கழுவினார். "பூட்ட மாத்திடலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விடியலில், ஷிப்ட் கூட்டத்தில் கங்காவின் முறை வந்தது. எச்.ஆர். பையன் பிரசன்னா மைக்கை நீட்டினான். அவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நன்றிக்காகவே சிரித்த முகம்.

"சொல்லுங்கக்கா. யாருக்கு நன்றி சொன்னீங்க?"

"யாருன்னு தெரியல சார்."

"புரியல?"

"யாரோ எங்க வூட்ல தெனம் பாத்திரம் துலக்கறாங்க. யாருன்னு தெரியல. பயமா கீது."

பிரசன்னா ஒரு நிமிடம் கண்ணை மூடினான். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா எல்லாரும்? முகம் தெரியாத ஒருத்தருக்கு நன்றி! நாம பாக்காத கைகளுக்கு நன்றி! இதாங்க இந்த வாரத்தோட அர்த்தமே. கை தட்டுங்க!"

சப்பாத்திப் பிரிவு கை தட்டியது. குருமாப் பிரிவு எழுந்து நின்று தட்டியது. பயத்தில் உறைந்திருந்த கங்காவின் கையில் ஹாட்பாக்ஸைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவள் முகம் அதிர்ச்சியாக இருந்தது. அது பரிசு வாங்கிய மகிழ்ச்சி என்று சுவரில் ஒட்டுவார்கள்.

பதினோரு மணி வரை தாக்குப்பிடித்தாள். கல்லில் சப்பாத்தி உப்பும்போதெல்லாம், வீட்டில் எவனோ கதவைத் திறக்கிறான் என்று தோன்றியது. நேராக சூப்பர்வைசர் தளவாயிடம் போய் நின்றாள்.

"சார், ஒரு அவுட் பாஸ் வேணும்."

"என்னக்கா அவசரம்?" தளவாய் திருநெல்வேலிக்காரர். குழம்பு அண்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலைல சொன்னேனே. எவனோ வந்து பாத்திரம் துலக்கறான். கையும் களவுமா புடிக்கணும்."

"பிடிச்சு என்ன செய்யப் போறிய? பிடிச்சீங்கன்னா எங்க வீட்டு அட்ரஸையும் அவன்ட்ட குடுங்க. எம் பொண்டாட்டி ஊருக்குப் போயி பத்து நாளாச்சு."

"சார், வயசுப் பொண்ணு கீற வூடு. வெளாட்டு இல்ல."

தளவாய் அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "தனியா உள்ள போவாதீங்க. மாடிப் பையனக் கூட்டிக்கிடுங்க," என்றார்.

ஷேர் ஆட்டோவில் ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் கன்டெய்னர் லாரிகள் குறுக்கே நின்று, ஒரகடம் வருவதற்குள் உயிர் போய்விட்டது. வீடு வந்து சேர்ந்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. செந்தமிழன் போயிருப்பான். முன்கதவில் பூட்டு தொங்கியது. வாசலில் புதுச் செருப்பு எதுவும் இல்லை.

முதலில் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பேச்சிராஜ், லுங்கியைப் பிடித்தபடி வந்து நின்றான்.

"பேச்சி, உண்மையச் சொல்லு. எங்க வூட்டுப் பாத்திரத்த நீதானே துலக்கற?"

அவன் உலகம் புரியாமல் விழித்தான். "யக்கா, எங்க ரூம்ல ஆறு பேரு. யாரு துலக்கன்னு சண்ட வந்து, தட்டே வேண்டாம்னு போன மாசத்துலேந்து பார்சல் கவர்லயே திங்கோம். நா எதுக்கு உங்க வீட்டுக்கு வந்து துலக்கப் போறேன்?"

நியாயமாகத்தான் இருந்தது.

"அப்போ எதுனா சத்தம் கேட்டியா?"

"கேக்கும்லா. மத்தியானம் கொழாயில தண்ணி விழுத சத்தம். பெறவு ஒருத்தரு பாட்டுப் படிப்பாரு."

"பாட்டா?"

"ஆமாக்கா. ஒரே வரிய. எனக்குத் தூக்கமே அதக் கேட்டாத்தான் வருது."

கங்காவின் வீட்டில் யாரும் பாடியதில்லை.

அப்போது கீழே, வீட்டின் பின்பக்கத்திலிருந்து, குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"வர்றேன், இருங்க," என்று பேச்சிராஜ் சட்டையைத் தேடப் போனான். கங்கா இருக்கவில்லை. பயம் ஓரளவுக்கு மேல் போனால் கால் அதுவாக நடக்கும் போலிருக்கிறது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஹாட்பாக்ஸைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.

பனியன் போட்ட ஒரு முதுகு தெரிந்தது. இடுப்பில் துண்டு. பாத்திரங்களை வரிசையாக நிறுத்தி, அந்த ஆள் ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் எல்லாவற்றின் மீதும் அடித்தான். துணியை எடுத்து மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக, குக்கரின் வெளிப்பக்கத்தைத் தேய்த்தான். இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து, வெயிலில் பளபளப்பைப் பார்த்தான். திருப்தியில் அந்த ஒரே வரியைப் பாடினான்.

அப்படிப் பாத்திரம் துலக்குகிறவர்கள் உலகத்தில் கிடையாது. அப்படி பஸ் கழுவுகிறவர்கள் உண்டு.

"இன்னாய்யா இது!"

முனிரத்தினம் திரும்பினார். கையிலிருந்த குக்கர் மூடி விழுந்து, வெகுநேரம் சுழன்று நின்றது. நீலச் சட்டை, ஈரம் படாமல், கொடியில் ஹேங்கரில் தொங்கியது.

ஓங்கிய ஹாட்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும் என்று கங்காவுக்குத் தோன்றவில்லை. திருடனாக இருந்திருந்தால் அடித்திருப்பாள். பேயாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள். கட்டின புருஷன் பாத்திரம் துலக்குவதைப் பார்த்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீ… ஷிப்ட்டுக்குப் போலியா?" என்று கேட்டார் அவர்.

"அத நான் கேக்கணும்."

அவர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேல போயிடுச்சி கங்கா. ஆடி மாசமே. கண்ணு டெஸ்ட் எடுத்தாங்க. ராத்திரியில எதிர் லைட்டு தாங்கலன்னு எழுதிட்டாங்க. கம்பெனிக்காரன், அம்பது தாண்டின டிரைவரே வேணாம்னுட்டான்."

"தெனம் சட்ட மாட்டிகினு போனியே?"

"போனேன். கம்பெனி கணக்கு முடிச்சிக் குடுத்த காசத்தான் மாசம் சம்பளம்னு உங்கிட்ட குடுத்தேன். முதல்ல சுங்குவார்சத்திரத்துல டீக்கடையில உக்காந்தேன். ஷிப்ட் விட்டு வர்றவன்லாம் 'இன்னா தலைவா, வண்டி எங்க'ன்றான். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு போனேன். அங்கயும் தெரிஞ்சவன். எங்க போனாலும் எவனாவது நம்ம பஸ்ஸுல ஏறினவனா கீறான். யார் கண்ணுலயும் படாத ஒரு எடம் வேணும்னு யோசிச்சேன். நம்ம வூடுதான். மத்தியானம் பையன் போயிட்டா இங்கதான் யாருமே இருக்க மாட்டீங்க."

சொந்த வீட்டில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். பைக்கைப் பின்தெருவில் விட்டுவிட்டு, திருடனைப் போலப் பின்கதவைத் திறந்து.

"நேத்து ராத்திரி அவ்ளோ பேசினோமே. இன்னிக்காவது சும்மா இருந்திருக்கலாமில்ல?"

"பேசின மறுநாளே நிறுத்திட்டா சந்தேகம் வந்துடும்னு நெனச்சேன்."

கங்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதி வழியில் வேறு ஏதோவாக மாறியது. ஹாட்பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாமில்லய்யா."

"எப்போ சொல்றது? நீ எழுந்திருக்கும்போது நான் தூங்கறேன். நான் வரும்போது நீ அசந்து கெடக்கற. ஞாயித்துக்கெழம சொல்லலாம்னா பசங்க. இப்ப பொண்ணு பாக்க வேற வராங்க. பொண்ணோட அப்பா டிரைவருன்னு சொல்லிதான வர்றாங்க?"

அவர் ஒரு தவலையை எடுத்து, சும்மா, அதன் விளிம்பைத் தேய்த்தார்.

"சும்மா உக்காந்தா பைத்தியம் புடிக்குது. பாத்திரம் கெடந்துச்சி, எடுத்தேன். துணி கெடந்துச்சி, மடிச்சேன். ஒண்ண முடிச்சா ஒண்ணு வருது. இந்த வூட்ல எவ்ளோ வேல கங்கா! எனக்கு ஷாக்காயிடுச்சி. நீ ஷிப்ட் முடிச்சி வந்து, இதையும் முடிச்சிட்டு, என் தட்டையும் எடுத்துகினு போவ. ஒரு நாள்கூட நான் பாக்கலியே."

பேச்சிராஜ் கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தான். அண்ணனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், வரிசையாக நின்ற பாத்திரங்களைப் பார்த்தான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டான்.

கங்கா குக்கரை இழுத்தாள். உள்ளே கையை விட்டு வழித்து, அவர் மூக்குக்கு நேரே சாம்பாரைக் காட்டினாள்.

"வெளிய தேய்ச்சா அது பஸ்ஸு. உள்ள தேய்ச்சாதான்யா பாத்திரம்."

"தெரியல."

"குடு."

இருவரும் உட்கார்ந்து தேய்த்தார்கள். அவள் உள்ளே, அவர் வெளியே. வேலை நாளில், பகலில் இருவரும் ஒரே இடத்தில் விழித்திருந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தாள். கணக்குப் போட முடியவில்லை.

"தேங்க்ஸ் சொல்லணும்னா சொல்லிடறேன்," என்றாள் கடைசியில். "எச்.ஆர். பையன் கேப்பான். மத்ததெல்லாம் நான் திரும்பத் தேய்ச்சிதான் எடுத்தேன். துணிய நீ தார்ப்பாய் மாதிரி மடிக்கற. ஆனா காபிக்குத் தேங்க்ஸ்யா. அது மட்டும் சரியா இருந்துச்சி. சர்க்கரகூட எனக்குப் புடிச்ச மாதிரி கம்மியா."

முனிரத்தினம் தேய்ப்பதை நிறுத்தினார்.

"எந்தக் காபி?"

"ஃப்ளாஸ்க்ல வெப்பியே."

"நானா? எனக்குப் பாலே காய்ச்சத் தெரியாது. நீ போட்டு வெச்சிட்டுப் போறன்னு நெனச்சி, நான்தான் தெனம் ஒரு டம்ளர் குடிச்சிகினு கீறேன்."

"நான் அஞ்சு மணிக்கு முன்னாடி போறவ. எனக்கு ஏதுய்யா காபி போட நேரம்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போனார்கள்.

மேடையில் ஃப்ளாஸ்க் இருந்தது. கங்கா மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. காலையில் எட்டு மணிக்குப் போட்ட காபி இல்லை. மத்தியானம் போட்டது.

பக்கத்தில் இரண்டு டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

தினமும் இரண்டு இருக்கும். இரண்டாவது எதற்கு என்று அவள் கேட்டதே இல்லை. யாருக்கோ தெரிந்திருக்கிறது: இந்த வீட்டில் மத்தியானம் ஒருவர் ஒளிந்திருக்கிறார், அவருக்கும் காபி வேண்டும், மூன்றரைக்கு வருகிறவளுக்கும் வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்பினால் அடுப்பு எரியும் என்று தெரியாத ஒரு பையனை இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

"பிச்சையா வண்டியிலதான் போறான்," என்றார் முனிரத்தினம். "எனக்கு வேல போனத பிச்சையா முதல் நாளே சொல்லிருப்பான் பையன்கிட்ட. பின்தெருவுல என் பைக்கையும் பாத்திருப்பான். அப்போ… ஆடியிலேர்ந்தே…?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலை போன அன்றுகூட அவர் முகம் இப்படி ஆகியிருக்காது.

கங்கா இரண்டு டம்ளர்களிலும் காபியை ஊற்றினாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து மூன்றாவது டம்ளரை எடுத்து, உள்ளே ஒருமுறை விரலை விட்டுத் தேய்த்துக் கழுவி, ஃப்ளாஸ்க் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். செந்தமிழன் வந்து பார்க்கட்டும்.

"ஞாயித்துக்கெழமைக்கு இன்னா பண்றது?" என்றார் முனிரத்தினம்.

அவள் வாயைத் திறப்பதற்குள், வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. முன்பூட்டில் சாவி நுழைந்தது. அறிவுமதியின் குரல், யாரிடமோ போனில், ரகசியமாக:

"பெர்மிஷன் போட்டுட்டு வந்துட்டேன். உள்ளதான் கீறான். பேச்சு சத்தம் கேக்குது. நீங்க லைன்லயே இருங்க."

முனிரத்தினம் பதறி எழுந்து, பின்கதவைப் பார்த்தார். பிறகு கொடியில் தொங்கும் நீலச் சட்டையை.

"உக்காருய்யா," என்றாள் கங்கா. "உன் வூடு."

நான்காவது டம்ளரை எடுக்கப் போனாள்.